கைண்ட்-ஹார்ட்டட்: அசை எங்கே பிரிகிறது, சொல் எங்கே பிரிகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாங்கோனிலும் மோல்மீனிலும் பர்மியப் பள்ளியில் படித்துக்கொண்டு, வீட்டில் தமிழ் பேசி, வார இறுதியில் கோயில் வகுப்பில் தமிழ் எழுத்துக் கற்கும் பிள்ளைகள், ஆங்கிலத்தின் கூட்டுப் பெயரடைகளைச் சந்திக்கும்போது ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க அருகில் உட்காரும் பெற்றோரும் அவற்றையே கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நல்ல மனம் படைத்தவரைக் குறிக்கும் 'கைண்ட்-ஹார்ட்டட்' என்னும் சொல்லையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன்.

ஒலி பிரியும் இடத்தைச் செங்குத்துக் கோட்டாலும், பொருள் உறுப்புகள் சேரும் இடத்தைக் கூட்டல் குறியாலும் காட்டியுள்ளேன். தமிழின் டகரம் ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு நிற்பதால், வேறுபடுத்த வேண்டிய இடத்தில், அந்தந்தச் சொல்லின் முதல் ஒலியைக் கொண்டு, அவற்றை 'டைகர்' டகரம், 'டாக்டர்' டகரம் என்று அழைக்கிறேன். சொல்லின் இறுதியில் வரும் பின்னொட்டை அதன் எழுத்துகளைக் கொண்டு ஈ.டி. என்று குறிப்பிடுகிறேன்.

கைண்ட்-ஹார்ட்டட் என்பது ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

இலக்கணத்தின் பார்வையில் அது ஒரே சொல். 'வெரி' என்னும் மிகுதிச் சொல்லை அதன் முன்னால் வைக்கலாம். அப்போது அது கைண்ட் என்ற பகுதியை மட்டும் தழுவாமல் முழுச் சொல்லையும் தழுவுகிறது. நடுவில் அதைச் செருகி 'கைண்ட் வெரி ஹார்ட்டட்' என்று சொல்ல முடியாது. முழுவதும் சேர்ந்து ஒரு பெயருக்கு அடையாக நிற்பதால்தான் அதைக் கூட்டுப் பெயரடை என்கிறோம்.

எழுதும் முறை வேறு செய்தி. பிரிட்டிஷ் வழக்கில் நடுவே இணைப்புக்கோடு வரும். அமெரிக்க வழக்கில் கோடின்றி ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது மிகுதி. கோடு இருப்பதாலோ இல்லாததாலோ சொல்லின் எண்ணிக்கை மாறாது.

இதில் எத்தனை அசை இருக்கிறது, சயா (ஆசிரியரே)?

மூன்று: கைண்ட் | ஹார்ட் | டட். காதில் விழும் உயிரொலிகளை எண்ணினால் போதும். எழுத்துகளை எண்ணக் கூடாது. ஹார்ட் என்ற பகுதியில் இரண்டு உயிரெழுத்துகள் அருகருகே எழுதப்படுகின்றன, ஆனால் காதில் விழுவது ஒரே நெட்டுயிர். கைண்ட் என்பதில் உள்ள 'ஐ' நாக்கு நகர்ந்து ஒலிப்பதாயினும் ஓர் உயிராகவே எண்ணப்படும்.

கோயில் வகுப்பில் 'தமிழ்' என்பது ஓர் அசை என்றார்கள். ஆங்கில டீச்சர் அதையே இரண்டு என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். இருவரும் அசை என்ற ஒரே பெயரால் இரண்டு வேறு அளவுகோல்களைச் சொல்கிறார்கள். யாப்பிலக்கணத்தில் இரண்டு குறில்கள் இணைந்து வந்தால் நிரையசை என ஓர் அசையாகும். எனவே 'பல', 'தமிழ்', 'மலர்' ஆகிய ஒவ்வொன்றும் யாப்பில் ஓரசைச் சொல். செய்யுளின் நடையை அளப்பதற்காக ஏற்பட்ட கணக்கு அது. ஆங்கிலப் பாடத்தில் சொல்லப்படும் அசை ஒலியசை. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை என்பதே அதன் அடிப்படை. அந்தக் கணக்கில் 'த' ஒன்று, 'மிழ்' ஒன்று.

இரண்டையும் கலந்தால் விடை எங்கே தவறும் என்பதற்குப் 'பல பக்கங்கள் உடைய' என்று பொருள்படும் 'மெனி-சைடட்' நல்ல எடுத்துக்காட்டு. யாப்பு முறையில் அலகிட்டால் மெனி நிரை, சை நேர், டட் நேர் என்று மூன்று அசை கிடைக்கும். ஆங்கிலத்தில் அது மெ | னி | சை | டட் என்று நான்கு. யாப்பை நன்றாகப் படித்த பிள்ளைகளே இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. குற்றம் அவர்களுடையதன்று, கலைச்சொல் ஒன்றாக இருப்பதுதான் சிக்கல். இனி இந்தப் பக்கத்தில் அசை என்றால் ஒலியசை என்றே கொள்க.

பர்மிய மொழியில் ஒவ்வோர் அசைக்கும் ஒரு பொருள் இருக்கிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தானே?

அப்படியன்று. எங்கள் பிள்ளைகளின் பெரும்பாலான ஐயங்களுக்கு வேர் இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. பர்மிய மொழிக்கே உரிய சொற்களில் ஓரசையே ஒரு பொருள் உறுப்பாக நிற்பது மிகுதி. எழுத்துமுறையும் அசை அசையாகவே கட்டப்பட்டிருக்கிறது. சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதுகிறார்கள். ஆகவே அசையைப் பிரிப்பதும் பொருளைப் பிரிப்பதும் ஒரே வேலை என்ற பழக்கம் கையிலும் கண்ணிலும் படிந்துவிடுகிறது. நல்ல மனமுடைமையைக் குறிக்கும் பர்மியத் தொடரையே பாருங்கள்: 'செய்ட்' என்றால் மனம், 'கௌங்' என்றால் நன்மை, 'ஷி' என்றால் உடைமை. மூன்று அசை, மூன்று பொருள். அந்தச் 'செய்ட்' பாலி மொழியின் 'சித்த' என்பதிலிருந்து வந்தது. நம்முடைய சித்தத்துக்கு உறவு.

கைண்ட்-ஹார்ட்டட் என்பதும் மூன்று அசையும் மூன்று உறுப்பும் கொண்டிருப்பதால், முதல் நாள் பாடத்தில் அந்தப் பழக்கம் சரியென்றே தோன்றிவிடும். ஆனால் அந்தப் பொருத்தம் தற்செயலானது. விரைவில் சினம் கொள்பவரைக் குறிக்கும் 'ஷார்ட்-டெம்பர்ட்' என்பதை எடுத்துக்கொண்டால், அசைகள் ஷார்ட் | டெம் | பர்ட். உறுப்புகளோ ஷார்ட் + டெம்பர் + ஈ.டி. எண்ணிக்கை இரண்டிலும் மூன்றுதான், ஆனால் எல்லைகள் ஒத்துப்போகவில்லை. 'டெம்' என்ற அசைக்குத் தனியே பொருள் எதுவும் இல்லை. 'ப்ளூ-ஐட்' என்பதில் அசை இரண்டு, உறுப்பு மூன்று. 'ஓபன்-மைண்டட்' என்பதில் அசை நான்கு, உறுப்பு மூன்று.

பர்மிய மொழியிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. இயல்பு என்று பொருள்படும் 'தபோ' பாலியிலிருந்து வந்த ஈரசைச் சொல். அதை 'த' என்றும் 'போ' என்றும் வெட்டினால் எந்தத் துண்டுக்கும் பொருள் கிடைக்காது. டெம்பர் என்பதையும் அதே கண்ணால் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

ஈ.டி. சில சொற்களில் தனி அசையாக இருக்கிறது, சில சொற்களில் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு முன்னால் உள்ள ஒலியைக் கேளுங்கள். 'டைகர்' டகர ஒலியிலோ 'டாக்டர்' டகர ஒலியிலோ சொல் முடிந்தால், ஈ.டி. ஓர் உயிரைப் பெற்றுத் தனி அசையாகும். ஹார்ட், மைண்ட், ஹேண்ட், ஃபுட், விட், சைட் ஆகியவை அப்படிப்பட்டவை. ஆகவே ஹார்ட்டட், மைண்டட், ஹேண்டட் என ஓர் அசை கூடுகிறது. அடுத்தடுத்து இரண்டு டகரங்களை உயிரில்லாமல் ஒலிக்க நாக்கு இடங்கொடாது என்பதே காரணம். மற்ற இடங்களில் ஈ.டி. வெறும் மெய்யாகி முந்தைய அசையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். லிப் என்பதில் உள்ளது போன்ற குரலற்ற ஒலிக்குப் பின் அது 'டைகர்' டகரம். டெம்பர், ஐ ஆகியவற்றில் உள்ளது போன்ற குரலொலிக்குப் பின் அது 'டாக்டர்' டகரம்.

நம் பிள்ளைகள் இங்கே இருபுறமும் இழுக்கப்படுகிறார்கள். பர்மிய மொழியில் அசை இறுதியில் முழு மெய் ஒலிப்பதில்லை. மூக்கொலியாகவோ தொண்டையில் சட்டென்று நிறுத்தும் ஒலியாகவோ அது சுருங்கிவிடும். அந்தப் பழக்கத்தில் ப்ளூ-ஐட் என்பது 'ப்ளூ-ஐ' ஆகிறது. இலக்கணத்தைத் தாங்கும் உறுப்பே காணாமல் போகிறது. தமிழ்ப் பழக்கமோ வல்லின மெய்யில் சொல்லை முடிக்க விடாமல் ஓர் உகரத்தைச் சேர்த்து 'ப்ளூ-ஐடு' என்று அசையைக் கூட்டிவிடுகிறது. கைண்ட்-ஹார்ட்டட் என்பதை 'கைண்டு-ஹார்ட்டடு' என்று சொல்பவர் மூன்று அசையை ஐந்தாக்குகிறார். பர்மியப் பழக்கம் மெய்யைத் தின்கிறது, தமிழ்ப் பழக்கம் உயிரைச் சேர்க்கிறது. இரண்டையும் தவிர்க்க, இறுதி மெய்யில் வாயை மூடி நிறுத்திப் பழகுவதே வழி.

அப்படியானால் மூன்று கால் ஓட்டத்தை ஏன் 'த்ரீ-லெக்கட் ரேஸ்' என்கிறார்கள்? லெக் என்பது டகரத்தில் முடியவில்லையே?

விதிக்கு அடங்காத சொல் அது. பழைய ஆங்கிலத்தில் ஈ.டி. பெரும்பாலும் தனி அசையாகவே ஒலித்தது. பின்னர் அந்த உயிர் தேய்ந்தது. பெயரடையாக உறைந்துவிட்ட சில சொற்களில் மட்டும் அது தேயாமல் தங்கிவிட்டது: நேக்கட், விக்கட், க்ருக்கட், ரக்கட், ரெச்சட் போன்றவை. லெக்கட் என்பது ஈரசையாகவும் ஓரசையாகவும் இன்று வழங்குகிறது, இரண்டும் பிழையல்ல. இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்யாமல், வரும்போது அகராதியின் ஒலிக்குறிப்பைப் பார்த்துக்கொள்வதே போதும் என்பது என் கருத்து.

ஹார்ட் | டட் என்று பிரிப்பதா, ஹார் | டட் என்று பிரிப்பதா? ஒரே அகராதியே இரண்டு விதமாகக் காட்டுகிறதே?

அகராதி இரண்டு வேறு வேலைகளுக்காக இரண்டு வேறு பிரிப்புகளைத் தருகிறது. தலைச்சொல்லின் நடுவில் காணப்படும் புள்ளி, வரியின் இறுதியில் இடம் போதாதபோது சொல்லை எங்கே வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோகலாம் என்பதைக் காட்டுகிறது. அங்கே ஹார்ட் என்ற உறுப்பைச் சிதைக்காமல் ஹார்ட், ஈ.டி. என வெட்டுவார்கள். ஒலிக்குறிப்பில் உள்ள பிரிப்போ வாய் ஒலிக்கும் விதத்தைக் காட்ட முயல்வது. இரண்டு உயிர்களுக்கிடையே தனித்து நிற்கும் மெய் பின்னால் வரும் உயிரோடு சேரும் என்ற கொள்கையைப் பின்பற்றும் அகராதிகள் அங்கே ஹார் | டட் என்று காட்டுகின்றன.

நமக்கு இது புதிதன்று. 'கண்' என்பதோடு 'அழகு' சேர்ந்தால் 'கண்ணழகு' ஆகிறது. மெய்யின்மேல் உயிர் ஏறி அமர்ந்துவிடுகிறது, ஆனால் பிரித்து எழுதச் சொன்னால் கண் + அழகு என்றே எழுதுகிறோம். எண்ணிக்கை எப்படியும் மாறாது என்பதை நினைவில் வையுங்கள்: டகரம் இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் அசை இரண்டுதான். தமிழ் எழுத்தில் இந்தச் சொல்லை எழுதும்போது டகரம் இரட்டிப்பதால் இரு பக்கத்திலும் ஒரு டகரம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஆங்கில ஒலியில் இருப்பது ஒன்றே.

கைண்ட் என்பதற்கும் ஹார்ட்டட் என்பதற்கும் இடையிலும் அப்படி மெய் தாவுமா?

கூட்டுச்சொல்லின் இரு பாதிகளுக்கும் இடையிலான எல்லை வலுவானது. கவனமாகப் பேசும்போது கைண்ட் என்பதன் இறுதி மெய் தன் அசையிலேயே நிற்கும். 'ஓபன்-எண்டட்' போன்ற சொல்லை வேகமாகச் சொன்னால் னகரம் அடுத்த உயிரில் ஒட்டி 'ஓபனெண்டட்' என்று காதில் விழலாம். அது பேச்சின் வேகத்தால் விளைவது; எழுத்தில் பிரிக்கும்போது அந்த எல்லையை மீறக் கூடாது.

ஈ.டி. என்றால் இறந்தகாலம் என்று பள்ளியில் சொன்னார்கள். இந்தச் சொல்லில் என்ன நடந்து முடிந்தது?

எதுவும் நடந்து முடியவில்லை, ஏனெனில் இது வேறு ஈ.டி. ஆங்கிலத்தில் ஒரே உருவம் கொண்ட இரண்டு பின்னொட்டுகள் உள்ளன. ஒன்று வினையோடு சேர்ந்து இறந்தகாலத்தையோ செயப்பாட்டு எச்சத்தையோ தருவது. 'ஹேண்ட்-பெயிண்டட்' என்பதில் இருப்பது அது. கையால் தீட்டப்பட்டது என்று பொருள். மற்றொன்று பெயரோடு சேர்ந்து 'அதை உடைய' என்ற பொருளைத் தருவது. கைண்ட்-ஹார்ட்டட் என்பதில் இருப்பது இந்த இரண்டாவது. நான்காம் விடையில் கண்ட பர்மிய 'ஷி' செய்யும் வேலைக்கு நெருக்கமானது.

வேறுபாட்டை அறிய ஒரு சோதனை உண்டு. ஈ.டி.யை நீக்கிவிட்டு எஞ்சியதை 'வித்' என்ற சொல்லோடு விரித்துப் பாருங்கள். 'வித் எ கைண்ட் ஹார்ட்' என்று விரிந்தால் பெயரில் பிறந்தது. 'பெயிண்டட் பை ஹேண்ட்' என்று வினையாக விரிந்தால் வினையில் பிறந்தது. அசை கூடும் விதி மட்டும் இரண்டுக்கும் பொதுவானது. அதை ஐந்தாம் விடையில் காண்க.

உறுப்புகளைச் சேர்க்கும்போது முதலில் எது எதோடு சேர்கிறது? கைண்ட் + ஹார்ட்டட் என்றுதானே எழுத வேண்டும்?

காதுக்கு அப்படித்தான் தோன்றும். இணைப்புக்கோடும் அந்த இடத்திலேயே நிற்கிறது. பொருள் வேறு விதமாகச் சேர்கிறது. முதலில் கைண்ட் + ஹார்ட் இணைந்து 'நல்ல மனம்' என்ற கருத்து உருவாகிறது. பிறகு அந்த முழுமையோடு ஈ.டி. சேர்ந்து 'நல்ல மனத்தை உடைய' என்றாகிறது. ஹார்ட்டட் என்ற சொல் முதலில் உருவாகி, அதற்குக் கைண்ட் அடையாக வந்தது என்று கொள்ள முடியாது. ஹார்ட்டட் இன்றைய வழக்கில் தனித்து நிற்பதில்லை.

தமிழில் 'செங்கண்ணன்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். ஒலியைக் கேட்டால் 'செம்' என்பதோடு 'கண்ணன்' சேர்ந்ததுபோல இருக்கும். ஆனால் சிவந்த நிறமுள்ள கண்ணன் ஒருவனை அது குறிக்கவில்லை. சிவந்த கண்ணை உடையவனைக் குறிக்கிறது. செம்மை + கண் முதலில், அதன்மேல் 'அன்' விகுதி. 'கருங்குழலி' என்பதும் அவ்வாறே கருமை + குழல், அதன்மேல் 'இ'. ஆங்கிலத்தின் 'ப்ளாக்-ஹேர்ட்' என்பதன் கட்டமைப்பு இதுவே. ஒலி ஓரிடத்திலும் பொருள் வேறோரிடத்திலும் பிளவுபடும் இந்த முரண்பாட்டை மொழியியலார் பெரிதாக விவாதிக்கிறார்கள். தமிழ் கற்ற பிள்ளைக்கு அது பழகிய செய்திதான்.

ஹார்ட்டட் தனியாக வராது என்றீர்கள். 'பியர்டட் மேன்' வருகிறதே?

வருகிறது, காரணமும் சுவையானது. தாடி எல்லாருக்கும் இருப்பதில்லை. ஆகவே ஒருவரைத் தாடி உடையவர் என்று சொன்னால் அது ஒரு செய்தி. இதயமும் கண்ணும் எல்லாருக்கும் இருக்கின்றன. 'கண் உடைய மனிதர்' என்று சொல்வதில் எந்தச் செய்தியும் இல்லை. எத்தகைய கண் என்று சேர்த்துச் சொன்னால்தான் சொல்லுக்கு வேலை பிறக்கிறது. தமிழிலும் தாடிக்காரர் என்று அழைக்கிறோம், கண்காரர் என்று யாரையும் அழைப்பதில்லை. 'சைட்டட்', 'கிஃப்டட்', 'டேலண்டட்' முதலியன தனித்து நிற்பதற்கும் இதுவே காரணம்.

'பேர்ஃபுட்' என்பதிலும் 'வெறுங்காலை உடைய' என்ற பொருள்தான். அதில் ஏன் ஈ.டி. இல்லை?

விகுதி இல்லாமலே உடைமைப் பொருளைத் தரும் கூட்டுச்சொற்கள் ஆங்கிலத்தில் சிலவே. 'பேர்ஃபுட்', 'பேர்ஃபுட்டட்' என்ற இரண்டு வடிவங்களும் வழங்குகின்றன. சிவந்த முடி உடையவரை 'ரெட்ஹெட்' என்று பெயராகவும், 'ரெட்-ஹெட்டட்' என்று பெயரடையாகவும் சொல்கிறார்கள். நம் இலக்கணத்தில் 'பூங்குழல் வந்தாள்' என்பதை அன்மொழித்தொகை என்று படித்திருப்பீர்கள்: குழலைச் சொல்லிக் குழலுடையவளைக் குறிப்பது. ரெட்ஹெட் அவ்வகை. அதன்மேல் ஈ.டி. ஏறும்போது தொக்கி நின்ற உடைமைப் பொருள் வெளிப்படையாகிறது.

ஐ.என்.ஜி. என்று முடியும் 'தமிழ்-ஸ்பீக்கிங்' போன்ற சொற்களுக்கும் இதே விதிகளா?

அசையைப் பொறுத்தவரை அவை எளியவை; ஐ.என்.ஜி. எப்போதும் தனி அசை. த | மிழ் | ஸ்பீ | கிங் என்று நான்கு. இங்கே தமிழ் என்பது ஏன் இரண்டு என்று மீண்டும் கேட்பவர்கள் மூன்றாம் விடைக்குத் திரும்பிச் செல்க.

கட்டமைப்பில்தான் வேறுபாடு. இங்கே அடிப்படை வினை; முன்னால் வரும் உறுப்பு அந்த வினையோடு ஏதோ ஓர் உறவு கொண்டிருக்கும். தமிழ்-ஸ்பீக்கிங் என்பதில் தமிழ் செயப்படுபொருள். 'ஹார்ட்-வொர்க்கிங்' என்பதில் முன்னுறுப்பு வினையடை. இந்த ஹார்ட் 'கடுமையாக' என்று பொருள்படுவது, இதயத்தைக் குறிக்கும் ஹார்ட் அன்று. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தோன்றினாலும் ஆங்கில எழுத்துக்கூட்டில் இதயத்துக்குரிய சொல் ஓர் எழுத்து மிகுந்தது. ஆங்கிலத் தொடரில் வினைக்குப் பின்னால் வரும் செயப்படுபொருள், கூட்டுச்சொல்லுக்குள் வினைக்கு முன்னால் வந்துவிடுகிறது. 'தமிழ் பேசும்' என்று இயல்பாகவே அந்த வரிசையில் சிந்திப்பவர்களுக்கு இது வசதியானது.

'த்ரீ-டே ட்ரிப்' சரியா, 'த்ரீ-டேஸ் ட்ரிப்' சரியா?

முதலாவதே சரி. எண்ணும் பெயரும் சேர்ந்து பெயரடையாகும்போது பெயர் ஒருமையில் நிற்கும்: டென்-இயர்-ஓல்ட் பாய், ஃபோர்-ஸ்டோரி பில்டிங். தமிழிலும் 'நான்கு மாடிக் கட்டடம்', 'மூன்று நாள் பயணம்' என்றே சொல்கிறோம். தமிழில் நினைத்து எழுதினாலே விடை சரியாக வரும் அரிய இடங்களுள் இது ஒன்று.

இணைப்புக்கோட்டை எப்போது போட வேண்டும்?

பெயருக்கு முன்னால் அடையாக வரும்போது போடுவது பொது வழக்கு. வினைக்குப் பின்னால் வந்தால் 'வெல் நோன்' போன்றவற்றில் கோட்டை விட்டுவிடுவார்கள். ஆனால் கைண்ட்-ஹார்ட்டட் போன்ற ஈ.டி. வகைகள் எங்கே வந்தாலும் கோட்டைத் தக்கவைத்துக்கொள்கின்றன. 'நியூலி பில்ட்' என்பதுபோல 'லி' என்று முடியும் வினையடைகளுக்குப் பின் கோடு தேவையில்லை.

கோடு அலங்காரம் அன்று. ஒரு பள்ளி 'மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்' தேவை என்று கோடில்லாமல் எழுதினால், அனுபவமுள்ள ஆசிரியர்கள் இன்னும் சிலர் தேவையா, இப்போது இருப்பவர்களைவிட அனுபவம் மிகுந்தவர்கள் தேவையா என்பது தெரியாது. முதல் இரண்டு சொற்களுக்கிடையே கோடு இட்டால் இரண்டாம் பொருள் மட்டுமே நிற்கும். இடைவெளியின்றி எழுதும் பர்மியத்தில் பழகியவர்களும், புணர்ச்சியால் சொற்களைச் சேர்க்கும் தமிழில் பழகியவர்களும் கோட்டை அசைப்பிரிப்பின் அடையாளம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது சொல் உறுப்புகளை இணைக்கும் குறி. அசைகளோடு அதற்குத் தொடர்பில்லை. ஹார்ட், ஈ.டி. இரண்டுக்கும் இடையே அசை பிரிந்தும் அங்கே கோடு இல்லாததைப் பாருங்கள்.

எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்?

தனியாகவோ வினைக்குப் பின்னாலோ வரும்போது முதன்மை அழுத்தம் இரண்டாம் உறுப்பின் மேல், அதாவது ஹார்ட் என்ற அசையின் மேல் விழும். 'கைண்ட்-ஹார்ட்டட் டீச்சர்' என்று பெயரோடு சேர்ந்து வந்தால், அடுத்துள்ள டீச்சர் என்பதன் அழுத்தத்தோடு மோதாமல் இருப்பதற்காக அது முன்னால் நகர்ந்து கைண்ட் என்ற அசைக்குச் சென்றுவிடுவது வழக்கம். 'ஹோம்சிக்', 'சீசிக்' போன்றவை எப்போதும் முதல் உறுப்பிலேயே அழுத்தம் கொள்வன. அவற்றை விலக்காகக் கொள்க.

இறுதி 'டட்' எந்த நிலையிலும் அழுத்தம் பெறாது. அதன் உயிர் மிகவும் மெலிந்தது. தமிழ் அகரம்போல முழுமையாக ஒலிக்கக் கூடாது. முன்பு கூறிய பர்மியத் 'தபோ' என்பதில் முதல் அசை எவ்வளவு மெலிந்து ஒலிக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு மெலிவு போதும். பர்மியத்தில் அந்த மெலிந்த அசை முழு அசைக்கு முன்னால்தான் வரும், ஆங்கிலத்தில் இங்கே பின்னால் வருகிறது. பயிற்சி தேவைப்படுவது அதனால்தான்.

நடுவில் எதுவும் நுழையாது என்றீர்கள். 'கைண்டர்-ஹார்ட்டட்' என்பதில் நடுவே 'அர்' நுழைந்திருக்கிறதே?

நல்ல கேள்வி. முதல் விடையில் சொன்னது தனிச்சொற்களைப் பற்றியது. ஒப்பீட்டு விகுதி தனிச்சொல் அன்று. முதல் உறுப்பு ஒப்பீட்டு விகுதியை ஏற்கும் பெயரடையாகவோ வினையடையாகவோ இருந்தால், கூட்டுச்சொல்லுக்குள் இருந்துகொண்டே அது விகுதியை ஏற்க முடியும். குட்-லுக்கிங் 'பெட்டர்-லுக்கிங்' ஆவதும், வெல்-நோன் 'பெஸ்ட்-நோன்' ஆவதும் இப்படியே. 'மோர் கைண்ட்-ஹார்ட்டட்' என்று வெளியிலிருந்து ஒப்பிடுவதும் சரிதான். பத்தாம் விடையில் கண்ட கைண்ட் + ஹார்ட் என்ற முதல் சேர்க்கைக்கு உள்ளேயே இந்த மாற்றம் நிகழ்கிறது என்று கொண்டால் முரண்பாடு தோன்றாது: கைண்டர் + ஹார்ட் முதலில், பிறகு ஈ.டி.

நெஸ், லி ஆகியவற்றைச் சேர்த்தால் அசை எப்படி மாறும்?

ஒவ்வொன்றும் ஓர் அசையைக் கூட்டும். கைண்ட் | ஹார்ட் | டட் | நெஸ் என நான்கு. ஆப் | சென்ட் | மைண் | டட் | லி என ஐந்து. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: ஈ.டி. மெய்யாக ஒட்டி நின்ற சில சொற்கள் லி சேரும்போது பழைய உயிரை மீட்டுக்கொள்கின்றன. மார்க்ட் ஓரசை, ஆனால் மார் | கட் | லி மூன்றசை.

தேர்வில் 'பிரித்து எழுதுக' என்று மட்டும் கேட்டால் எந்தப் பிரிப்பை எழுதுவது?

வினாவில் அசை என்ற சொல் இருந்தால் ஒலிப்பிரிப்பு. வேர், ஒட்டு, உறுப்பு என்ற சொற்களுள் ஒன்று இருந்தால் பொருள்பிரிப்பு. எதுவும் குறிப்பிடாவிட்டால் இரண்டையும் தலைப்பிட்டு எழுதிவிடுங்கள். அதற்கு இரண்டு வரிதான் ஆகும். 'ஓல்ட்-ஃபேஷண்ட்' என்ற சொல் வந்தால் அசைகள் ஓல்ட் | ஃபே | ஷண்ட், உறுப்புகள் (ஓல்ட் + ஃபேஷன்) + ஈ.டி. என்று எழுதலாம். அந்த ஈ.டி. பேச்சில் னகரத்துக்குப் பின் மங்கிவிடுவதால் பலர் அதை எழுத்திலும் விட்டு 'ஓல்ட் ஃபேஷன்' என்றே எழுதுகிறார்கள்; யாங்கோன் கடைப் பலகைகளிலும் அப்படி எழுதியிருப்பதைக் காணலாம். விடைத்தாளில் அந்த இரண்டு எழுத்துகளும் கட்டாயம் இருக்க வேண்டும்.